கருவறைக்குள் சென்ற ஊக்கப்போதை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கர்ப்ப காலத்தில் மது அருந்துவதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியபோது, கோகெய்ன், மெத்தாம்பெட்டமைன் போன்ற ஊக்கப்போதைப் பொருட்கள் சிசுவின் மூளையை வேறு வழியில் தொடுகின்றன என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை பக்கங்களை நிரப்பிவிட்டன. எழுதியவர்களில் பலர், வேறொருவர் பெற்ற குழந்தையை வளர்ப்பவர்கள், சிலர் கர்ப்பிணிகள். யாருடைய பெயரையும் வெளியிடவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை நீக்கி, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மகளை ஏழு மாதக் குழந்தையாகத் தத்தெடுத்தோம். பெற்ற தாய் கர்ப்பத்தின்போது மெத்தாம்பெட்டமைன் எடுத்துக்கொண்டிருந்தார் என்று கோப்பில் ஒரு வரி இருக்கிறது. இப்போது அவளுக்கு மூன்று வயது. நன்றாகப் பேசுகிறாள், கதை கேட்கிறாள். ஆனால் ஒரு சின்ன ஏமாற்றம் வந்தாலும் அரை மணி நேரம் அழுகிறாள். அவளுடைய மூளை நிரந்தரமாகப் பழுதாகிவிட்டதா?

பதில்: இல்லை. நீங்கள் எழுதியிருப்பதில் அப்படிச் சொல்ல இடம் தருகிற எதுவும் இல்லை.

மெத்தாம்பெட்டமைன் எடுத்துக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வுகளில் முக்கியமானது, 2002-இல் அமெரிக்காவில் நான்கு இடங்களில் தொடங்கி, பின்னர் நியூசிலாந்துக்கும் விரிந்த ‘ஐடியல்’ ஆய்வு. அமெரிக்கப் பகுதியில் மட்டும் அந்தப் போதைக்கு ஆட்பட்ட 204 குழந்தைகளும், ஒப்பிடுவதற்காக 208 குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். ஒப்பீட்டுக் குழுவின் தாய்மார்களிடமும் புகையும் மதுவும் இருந்தன. ஆகவே, வேறுபாடு தெரிந்தால் அது மெத்தாம்பெட்டமைனால் வந்திருக்கலாம் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது. மூன்று வயதில் எடுத்த அறிவுத்திறன் தேர்வில் இரண்டு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. உணர்ச்சிகளில் தெரிந்தது: ஆட்பட்ட குழந்தைகள் மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் சற்று எளிதில் கலங்கினார்கள், பதற்றமும் வாட்டமும் கொஞ்சம் கூடுதலாக இருந்தன. ஐந்து வயதை நெருங்கும்போது கவனச் சிதறலும் துடுக்குத்தனமும் சிலரிடம் கூடுதலாகப் பதிவாயின.

உங்கள் மகளின் அழுகை அந்தச் சித்திரத்துக்குள் வரலாம்; வெறும் மூன்று வயதின் அழுகையாகவும் இருக்கலாம். ஒரு தனிக் குழந்தையைப் பார்த்து இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அதே ஆய்வுக் குழு, அந்தக் குழந்தைகள் ஆறரை வயதை எட்டியபோது பார்த்த இன்னொன்றையும் சொல்கிறேன். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறனில் தெரிந்த குறைபாட்டில் கணிசமான பங்கு, பிறந்த பிறகு அனுபவித்த துன்பங்களின் வழியாக வந்திருந்தது. வளர்ப்பவர் மாறிக்கொண்டே இருப்பது, வீட்டில் வன்முறை, வளர்ப்பவரின் மனச்சோர்வு போன்றவை அவை. அந்தப் பங்கு உங்கள் கையில் இருக்கிறது.

கோப்பிலுள்ள அந்த ஒரு வரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மதுவைப் பற்றி அதில் ஏதும் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். போதைப்பொருளைக் குறித்துவைக்கும் அதிகாரிகள் மதுவைக் கேட்க மறந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வளரும் மூளைக்கு மது செய்யும் சேதமோ இவை எல்லாவற்றையும்விட உறுதியாக நிறுவப்பட்டது.

கேள்வி: உயிரியல் படிக்கும் மாணவி நான். தாயின் இரத்தத்தில் இருக்கும் போதைப்பொருள் சிசுவின் மூளையை எப்படி அடைகிறது, அங்கே உண்மையில் என்ன செய்கிறது என்பதை விளக்க முடியுமா?

பதில்: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றப் பதில்கள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

நஞ்சுக்கொடியை எல்லாவற்றையும் வடிகட்டும் காவல் அரண் என்று பலர் நினைக்கிறார்கள். கொழுப்பில் எளிதில் கரையும் சிறு மூலக்கூறுகளுக்கு அது திறந்த கதவு. கோகெய்னும் ஆம்ஃபெட்டமைன் வகைகளும் அத்தகையவை. தாயிடமிருந்து சிசுவுக்கும், அதே வேகத்தில் சிசுவின் மூளைக்குள்ளும் சென்றுவிடுகின்றன. கோகெய்னைச் சிதைக்கும் நொதி பெரியவர்களிடம் இருக்கும் அளவுக்குச் சிசுவிடம் இருப்பதில்லை. சிசு கழிக்கும் சிறுநீர் பனிக்குடநீரில் கலக்கிறது. அந்த நீரைச் சிசு மறுபடி விழுங்குகிறது. தாய்க்குப் போதை தெளிந்த பின்னும் சிசுவுக்கு அது முழுவதும் தெளிந்துவிடுவதில்லை.

இனி, மூளைக்குள் நடப்பது. ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி சொல்ல டோபமைன், நார்அட்ரினலின், செரடோனின் முதலிய வேதிப்பொருட்களை இரண்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் விடுகிறது. வேலை முடிந்ததும், விட்ட அணுவே அதைத் தன் சுவரிலுள்ள வாயில்கள் வழியாகத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. கோகெய்ன் அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. ஆம்ஃபெட்டமைனும் மெத்தாம்பெட்டமைனும் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: அதே வாயில் வழியாக உள்ளே நுழைந்து, பைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் டோபமைனை வெளியேற்றி, வாயிலையே எதிர்த்திசையில் இயங்க வைக்கின்றன. எந்த வழியில் நடந்தாலும் இடைவெளியில் டோபமைன் தேங்கி நிற்கிறது. பெரியவர்களுக்கு இதுதான் போதை.

சிசுவின் மூளையில் டோபமைனுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. செய்தி அனுப்பும் இணைப்புகள் உருவாவதற்கு முன்பே அது அங்கே தோன்றிவிடுகிறது. நரம்பணுக்கள் எத்தனை பிறக்க வேண்டும், பிறந்த இடத்திலிருந்து எந்த வேகத்தில் நகர்ந்து தம் இடத்தைச் சேர வேண்டும், சேர்ந்த பின் எவ்வளவு தூரம் கிளை நீட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் அது ஒரு குறிப்புக் காட்டியாக இருக்கிறது. அந்தக் குறிப்பின் அளவு கூடும்போது வளர்ச்சி நின்றுவிடுவதில்லை, அதன் போக்குதான் கொஞ்சம் மாறுகிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டியவை முயல்களில் செய்த ஆய்வுகள். கருவுற்ற முயல்களுக்கு, மனிதர்கள் எடுத்துக்கொள்ளும் முறையை ஒத்த சிறு அளவுகளில் கோகெய்னை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். பிறந்த குட்டிகள் எடையிலும் தோற்றத்திலும் மற்றவற்றைப் போலவே இருந்தன. மூளையின் வெளிப்பரப்பான புறணியின் அடுக்குகளும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் கவனத்தை ஒருமுகப்படுத்துவதில் பங்கு வகிக்கும் முன் சிங்குலேட் புறணியை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நரம்பணுக்களின் நீண்ட கிளைகள் நேராக மேலே செல்லாமல், குட்டையான பெட்டிக்குள் திணித்த கயிறு போல அலை அலையாக வளைந்து கிடந்தன. அவை வளர வேண்டிய நீளத்தைத் தாண்டி வளர்ந்திருந்தன. டோபமைனைப் பெற்றுக்கொள்ளும் டி1 ஏற்பிகளும் எண்ணிக்கையில் குறையவில்லை. பெற்ற செய்தியை அணுவின் உள்ளே கடத்தும் தொடர்புதான் தளர்ந்திருந்தது. முயல் முழுமையாக வளர்ந்த பின்னும் இந்த மாற்றங்கள் நீங்கவில்லை. கர்ப்பத்தின் ஒரு குறிப்பிட்ட இடைக்காலத்தில் கொடுத்தபோதுதான் இவை நேர்ந்தன. அதற்கு முன்போ பின்போ கொடுத்தபோது நேரவில்லை. குரங்குகளில் அதிக அளவு கொடுத்துச் செய்த ஆய்வில் புறணியின் அடுக்குகளே குழம்பின. ஆகவே எவ்வளவு என்பதும் எப்போது என்பதும் சேர்ந்தே விளைவை முடிவுசெய்கின்றன.

இரண்டாவது பாதை இரத்த ஓட்டம். இந்தப் போதைப்பொருட்கள் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன, தாயின் இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. கருப்பைக்குச் செல்லும் குழாய்கள் சுருங்கும்போது நஞ்சுக்கொடிக்கு வரும் இரத்தமும், அதன் வழியே சிசுவுக்கு வரும் ஆக்சிஜனும் ஊட்டமும் குறைகின்றன. பசியையும் இவை அடக்கிவிடுவதால் தாய் சரியாக உண்பதும் இல்லை. குறைப்பிரசவம், எடைக்குறைவு, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிடும் ஆபத்து ஆகியவை இந்தப் பாதையில் வருபவை. ‘ஐடியல்’ ஆய்வில், கர்ப்ப வாரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு ஆட்பட்ட குழந்தைகளிடம் 3.5 மடங்காக இருந்தது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருவின் 28-ஆம் நாள் அளவில் மூடிக்கொள்கிறது. புறணியின் பெரும்பாலான நரம்பணுக்கள் ஆறாம் மாதத்துக்குள் பிறந்து இடம் சேர்ந்துவிடுகின்றன. கடைசி மூன்று மாதங்கள் மூளை வேகமாகப் பருத்து மடிப்புகள் விழும் காலம். அந்தக் கடைசிக் கட்டத்தில் ஊட்டம் குறைந்தால் அது தலைச்சுற்றளவிலேயே தெரியும்.

மனிதக் குழந்தைகளின் ஸ்கேன்களில் முயலின் வளைந்த கிளைகளைப் பார்க்க இயலாது. மெத்தாம்பெட்டமைனுக்கு ஆட்பட்ட மிகச் சில குழந்தைகளை வைத்து 2004-இல் வெளியான ஓர் எம்.ஆர்.ஐ. ஆய்வில், டோபமைன் மிகுந்த அடிமூளைத் திரள்களும், நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸும் சராசரியாகச் சற்றுச் சிறியவையாக இருந்தன. பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே பகுதிகளையே சுட்டுகின்றன.

கேள்வி: எனக்கு இப்போது 11 வாரம். கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் வார இறுதிகளில் சிலமுறை கோகெய்ன் எடுத்துக்கொண்டேன். தெரிந்த நாளிலிருந்து தொடவில்லை. மருத்துவரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. கருவைக் கலைத்துவிட வேண்டுமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக மட்டும் கலைக்க வேண்டும் என்று எந்த மருத்துவ வழிகாட்டுதலும் சொல்லவில்லை. முதல் சில வாரங்களில் சிலமுறை எடுத்துவிட்டு முற்றிலும் நிறுத்தியவர்களின் நிலையும், ஒன்பது மாதமும் தொடர்ந்தவர்களின் நிலையும் ஒன்றல்ல. முன் பதிலில் சொன்ன எடைக்குறைவு, நஞ்சுக்கொடி பிரிதல் போன்ற ஆபத்துகள் பெரும்பாலும் தொடர்ந்து எடுப்பதோடு சேர்ந்தவை. நிறுத்தியதன் பலன் உங்கள் குழந்தைக்கு ஏற்கெனவே கிடைக்கத் தொடங்கிவிட்டது.

மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லாக் கர்ப்பிணிகளிடமும், ஒவ்வொரு வருகையின்போதும், மது, புகை, போதைப்பொருள் பற்றிக் கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே அவர் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் அது உங்களைச் சந்தேகித்துக் கேட்டது ஆகாது. ஊக்கப்போதையைத் திடீரென நிறுத்துவது, மதுவையோ ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைகளையோ திடீரென நிறுத்துவதுபோல் உடலுக்கு ஆபத்தானதன்று. ஆனால் நிறுத்திய பின் கடுமையான சோர்வும் மனச்சோர்வும் வரலாம். அது வந்தால், தற்கொலை எண்ணம் தலைகாட்டினால், அல்லது மறுபடி எடுத்துவிட்டால், அன்றே உதவி கேளுங்கள். இந்தப் பழக்கத்தை மாற்ற நிரூபணமான மாத்திரை எதுவும் இல்லை. ஆலோசனையும், போதையின்றி இருந்ததற்குச் சிறு பரிசு தந்து ஊக்குவிக்கும் நடத்தைச் சிகிச்சை முறையும்தான் நல்ல பலன் தருகின்றன. புகைபிடிப்பவர் என்றால் அதையும் இப்போதே விடுங்கள். அதைப் பலர் சின்ன விஷயமாக நினைத்துக் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள், அது சின்ன விஷயமில்லை.

கேள்வி: 1980-களில், புகைக்கும் வகைக் கோகெய்னான ‘கிராக்’கின் பெயரால் ‘கிராக் குழந்தைகள்’ என்று ஒரு தலைமுறையே அழிந்துவிட்டதாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. பின்னர் அது வெறும் கட்டுக்கதை என்றார்கள். நீங்களோ மூளையில் மாற்றம் இருக்கிறது என்கிறீர்கள். எதை நம்புவது?

பதில்: நியாயமான எரிச்சல். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1985-இல், கோகெய்ன் எடுத்துக்கொண்ட 23 கர்ப்பிணிகளைப் பற்றிய ஓர் ஆய்வறிக்கை அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழில் வெளிவந்தது. முதற்கட்டக் கவனிப்பு என்ற அளவில் அது பொறுப்பான வேலைதான். அதைச் சுற்றி எழுந்த கூச்சல் பொறுப்பற்றது. குறைப்பிரசவத்தில் பிறந்து நடுங்கும் குழந்தைகளைத் தொலைக்காட்சியில் காட்டி, இவர்கள் சிரிக்கமாட்டார்கள், அன்பு காட்டமாட்டார்கள், பள்ளிகளை நாசம் செய்வார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். காட்டப்பட்ட பல அறிகுறிகள் குறைப்பிரசவத்துக்கே உரியவை.

ஆய்வுலகமும் குற்றமற்றதாக இல்லை. 1980-க்கும் 1989-க்கும் இடையில் ஒரு குழந்தை மருத்துவ மாநாட்டுக்கு அனுப்பப்பட்ட, கருவில் கோகெய்ன் பற்றிய 58 ஆய்வுச் சுருக்கங்களைக் கனடாவின் கிடியன் கோரன் குழுவினர் எண்ணிப் பார்த்தார்கள். தீங்கு உண்டு என்று சொன்ன 49-இல் 28 ஏற்கப்பட்டிருந்தன. தீங்கு தெரியவில்லை என்று சொன்ன 9-இல் ஒன்றே ஒன்று. நிராகரிக்கப்பட்டவை தரத்தில் தாழ்ந்தவையும் அல்ல.

இந்தச் சூழலில்தான் ஃபிலடெல்ஃபியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர், 1989 முதல் 1992 வரை பிறந்த 224 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். நிறைமாதத்திலோ அதை ஒட்டியோ பிறந்தவர்கள். பாதியளவினர் கோகெய்னுக்கு ஆட்பட்டவர்கள், மீதிப் பேர் ஆட்படாதவர்கள். இரு பகுதியினரும் ஒரே வறுமையில் வாழ்பவர்கள். நான்கு வயதில் அறிவுத்திறன் அளவு எடுத்தபோது முதற்குழுவுக்குச் சராசரி 79, அடுத்த குழுவுக்கு 81.9. தாய் எடுத்த கோகெய்ன் இரு குழுவையும் பிரிக்கவில்லை, ஆனால் இரு குழுவும் பொதுச் சராசரிக்கு வெகு கீழே கிடந்தன. ஏன் என்று தேடியபோது, ஏழு வயதுக்குள் அந்தக் குழந்தைகளில் 81 விழுக்காட்டினர் யாராவது கைதாவதைப் பார்த்திருந்தார்கள், 74 விழுக்காட்டினர் துப்பாக்கி வெடிக்கும் ஓசையைக் கேட்டிருந்தார்கள். 2001-இல், அதுவரை வந்த தரமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டெபரா ஃபிராங்க் குழுவினரும், ஆறு வயது வரை கோகெய்னின் விளைவு என்று முன்பு சொல்லப்பட்ட பலவும் மது, புகை, வறுமை, வளர்ப்புச் சூழல் ஆகியவற்றோடு பின்னியவை என்றே முடிவுக்கு வந்தார்கள்.

அதே 2001-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் பரிசோதித்து முடிவைக் காவல்துறையிடம் கொடுத்த ஏற்பாட்டை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அதற்குள் பல பெண்கள் கைதாகியிருந்தார்கள். தண்டனைக்குப் பயந்து மருத்துவமனைப் பக்கமே வராத கர்ப்பிணியின் குழந்தைக்கு நேரும் தீங்கு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பிறகு ஊசல் மறுபக்கம் போய், ‘ஒன்றுமே இல்லை’ என்றார்கள். அதுவும் சரியில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பள்ளி வயது தாண்டியும் பின்தொடர்ந்த ‘மெட்டர்னல் லைஃப்ஸ்டைல்’ ஆய்வும், அதைப் போன்ற பிறவும், நீண்ட நேரம் கவனத்தை நிறுத்துவதிலும், உந்துதலை அடக்குவதிலும், நடத்தையைக் கட்டுப்படுத்துவதிலும் சிறிய, ஆனால் மறுபடி மறுபடி தென்படும் வேறுபாடுகளைக் கண்டன. அறிவுத்திறனின் மொத்த அளவைப் பார்க்கும் தேர்வு இவற்றைப் பிடிப்பதில்லை. முயலின் மூளையில் வளைந்த கிளைகள் இருந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். மனிதக் குழந்தைகளிடமும் கவனமும் கட்டுப்பாடும் சார்ந்த இடத்தில்தான் சுவடு தெரிகிறது. அது இருப்பது உண்மை, மெல்லியது என்பதும் உண்மை. என் நிலைப்பாடு இதுதான்.

கேள்வி: நான் ஆசிரியை. என் வகுப்பிலுள்ள ஒன்பது வயதுச் சிறுவனின் பாட்டி, அவன் தாயின் போதைப் பழக்கத்தைப் பற்றி என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். நன்றாக வாசிக்கிறான், ஆனால் நான் கேள்வியை முடிப்பதற்குள் விடையைக் கத்திவிடுகிறான், ஒரு பாடம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது தடுமாறிப் போகிறான். நான் என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பாட்டி உங்களிடம் மட்டும் சொன்னதை உங்களோடு வைத்துக்கொள்வதுதான் முதல் உதவி. பார்வையாளர்களிடம் ‘இது கோகெய்ன் குழந்தை’ என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால், அவர்கள் அந்தக் குழந்தையைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது.

அவனுடைய சிரமம் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனையைச் சொல்கிறேன். இது அவனைவிடச் சிறிய குழந்தைகளுக்கு நாங்கள் செய்வது. சூரியன் படத்தைக் காட்டினால் ‘இரவு’ என்றும், நிலா படத்தைக் காட்டினால் ‘பகல்’ என்றும் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை விதியைத் திருப்பிச் சொல்லிக் காட்டும், புரிந்தது என்று தலையாட்டும். நாலைந்து அட்டைகள் வரை சரியாகப் போகும். பிறகு சூரியனைப் பார்த்ததும் ‘பகல்’ என்று வாய் முந்திக்கொள்ளும், உடனே கையால் வாயைப் பொத்திக்கொள்ளும். அறிவு தெரிந்துவைத்திருப்பதை வாய் காத்திருந்து சொல்வதற்கு ஒரு தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பைத் தருவது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி. அது இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும் பகுதி. உங்கள் மாணவனிடம் அது சற்றுப் பின்தங்கியிருக்கலாம். கத்திவிட்ட பிறகு அவன் முகம் வாடுவதை நீங்கள் கவனித்திருந்தால், அது திமிர் இல்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். பாடம் மாறுவதற்கு ஐந்து நிமிடம் முன் அவனிடம் தனியாகச் சொல்லுங்கள். விடையைக் கத்துவதற்குப் பதில் ஒரு தாளில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லலாம். கையில் வேலை இருக்கும்போது வாய் காத்திருக்கும். இடையிடையே எழுந்து நடக்க ஒரு காரணம் கொடுங்கள். இவற்றுக்குப் பின்னும் படிப்பு பாதிக்கப்பட்டால் குழந்தை மருத்துவரிடம் முறையான மதிப்பீடு தேவை. கவனக்குறைவுக்கு எந்தக் குழந்தைக்கும் தரும் சிகிச்சையே அவனுக்கும் பொருந்தும்.

கேள்வி: கவனக்குறைவு நோய்க்கு நான் மெத்தில்பெனிடேட் மாத்திரை எடுத்துவருகிறேன். அதுவும் ஊக்கி வகைதானே? கருத்தரிக்கத் திட்டமிடுகிறோம்.

பதில்: வகை ஒன்றுதான். ஆனால் மருத்துவர் அளந்து தரும் வாய்வழி மாத்திரை மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. புகைத்தோ ஊசியாகவோ எடுக்கும் பொருள் ஒரே வீச்சில் உச்சத்துக்குப் போகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2018-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், முதல் மூன்று மாதங்களில் மெத்தில்பெனிடேட் எடுத்தவர்களின் குழந்தைகளிடம் பிறவி இதயக் குறைபாடு ஆயிரத்துக்குச் சுமார் 3 என்ற அளவில் கூடுதலாக இருந்தது. ஆம்ஃபெட்டமைன் மாத்திரைகளில் அந்தக் கூடுதல் காணப்படவில்லை. மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளைக் கொண்ட டென்மார்க்கின் பதிவேட்டில், கர்ப்பத்திலும் இம்மருந்துகளைத் தொடர்ந்த சுமார் 900 பேரின் குழந்தைகளிடம் ஆட்டிசமோ கவனக்குறைவு நோயோ கூடுதலாக வரவில்லை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வண்டி ஓட்டுவது, வேலை, மனநிலை ஆகியவை மாத்திரையின்றி எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்து, கருத்தரிப்பதற்கு முன்பே உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: காப்பியும் ஊக்கிதான் என்கிறார்கள். கர்ப்பிணி குடிக்கலாமா?

பதில்: குடிக்கலாம், அளவோடு. பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீனை எல்லையாக வைக்கின்றன. 300-க்கு மேல் எடுப்பவர்கள் குறைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கஃபீன் உடலைவிட்டு வெளியேற மூன்று மடங்கு நேரம் பிடிக்கிறது. தேநீரையும் ஊக்கபானங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பேரன் பிறந்து ஆறு நாள் ஆகிறது. என் மகள் கடைசி வாரம் வரை மெத்தாம்பெட்டமைன் எடுத்திருக்கிறாள். குழந்தையின் கை நடுங்குகிறது, பால் குடிக்கும்போதே தூங்கிவிடுகிறான், விழித்தால் வீறிட்டு அழுகிறான். மருந்து ஏதும் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சரிதானா?

பதில்: அம்மா, பெரும்பாலும் சரிதான். ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளுக்கு ஆட்பட்ட குழந்தைகளுக்கு, பிறந்ததும் அந்தப் பொருள் கிடைக்காமல் போவதால் வரும் கடுமையான விலகல் நோய்க்குச் சில சமயம் மருந்து தேவைப்படும். ஊக்கப்போதையில் அது அப்படி வருவதில்லை. அளவுக்கு மீறிய தூக்கம், பால் குடிப்பதில் மந்தம், பிறகு எரிச்சல் என்று மாறி மாறி வந்து, சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் தணியும்.

நடுங்கும் கையை உங்கள் உள்ளங்கையில் மெல்லப் பொதிந்து பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டால் அது வெறும் நடுக்கம். பிடித்த பின்னும் உங்கள் கைக்குள் அது தாளம் தப்பாமல் துடித்தால், கண்கள் ஒருபக்கமாக நிலைத்துவிட்டால், உதடு நீலம் பூத்தால், அல்லது எழுப்பியும் எழாமல் பாலை மறுத்தால், வலிப்பாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மற்றபடி, அறையில் வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறையுங்கள். கைகள் நெஞ்சருகே வரும்படி துணியில் இதமாகச் சுற்றுங்கள். இந்தக் குழந்தைகளால் ஒரே நேரத்தில் பல தூண்டல்களைத் தாங்க முடிவதில்லை. பாட்டு, தாலாட்டு, முகம் பார்த்துப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் அழுகை கூடும். பால் கொடுக்கும்போது பேசாதீர்கள், ஆட்டாதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, தொடர்ந்து கொட்டாவி விட்டாலோ, விரல்களை விரித்தாலோ ‘போதும்’ என்கிறான் என்று எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால் கொடுங்கள். மல்லாக்க மட்டுமே, தனிப் படுக்கையில் உறங்க வையுங்கள். அழுகை தாங்க முடியாமல் போகும் இரவு வரும். அப்போது குழந்தையைப் பாதுகாப்பாகப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வாருங்கள்; ஒருபோதும் குலுக்கிவிடாதீர்கள்.

உங்கள் மகள் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால் தாய்ப்பால் கூடாது, ஏனென்றால் இந்தப் பொருட்கள் பாலில் இறங்குகின்றன. நிறுத்திவிட்டு, சிகிச்சையிலும் இருந்தால், எப்போது தொடங்கலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அவரையும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். குழந்தையைக் கவனிக்கும் களைப்பில் அவரை மறந்துவிடுவது எளிது.

கேள்வி: நாங்கள் வளர்க்கும் இரண்டு வயதுக் குழந்தை கருவில் போதைப்பொருளுக்கு ஆட்பட்டதா என்று எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. மூளை ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் கண்ட வேறுபாடுகள் எல்லாம் குழுக்களின் சராசரிகள். ஒரு குழந்தையின் படத்தை ஒளிப்பெட்டியில் வைத்து ‘இது அது’ என்று சுட்டும்படியான அடையாளம் எதுவும் இல்லை. பிறந்தவுடன் கழிக்கும் கருநிற முதல் மலத்தைப் பரிசோதித்திருந்தால் கர்ப்பத்தின் பின்பாதியில் நடந்தது தெரிந்திருக்கும். அந்தக் காலம் கடந்துவிட்டது. இரண்டு வயதுக் குழந்தையை ஸ்கேனுக்காக மயக்க மருந்தில் உறங்க வைப்பதற்கு இது போதுமான காரணமல்ல.

அதைவிடப் பயன்படும் சில சோதனைகளைச் செய்யுங்கள். செவித்திறனையும் பார்வையையும் ஒருமுறை முறையாகப் பரிசோதியுங்கள். பிறந்ததிலிருந்து இன்றுவரையான தலைச்சுற்றளவுகளை வளர்ச்சி அட்டையில் குறித்து, கோடு தன் பாதையிலேயே ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா, விரலால் சுட்டிக் காட்டுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று பிந்தினாலும், காரணம் தெரியும்வரை காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியையோ மற்றப் பயிற்சிகளையோ தொடங்கிவிடலாம். கருவில் என்ன நடந்தது என்று தெரிந்திருந்தாலும் நாங்கள் பரிந்துரைக்கும் பயிற்சி இதுவேதான்.